மடுவில் விழுந்த வலை

மதினி,

கண்மாய் வற்றும்போது வருகிற சேற்று வாடை இன்று காலை வீட்டுக்குள் வந்ததுமே உங்களை நினைத்துக்கொண்டேன். நீங்கள் கண்மூடிய பிறகு வருகிற முதல் மீன்பிடி.

ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசிய பிறகுதான் கண்மாயில் இறங்க வேண்டும் என்பது பழைய வழக்கம். துண்டு வீசினாலும் நடுவிலிருக்கும் ஆழமான மடுவில் மட்டும் வலை போடக் கூடாது என்பது நீங்கள் கொண்டுவந்தது. தாய் விரால்கள் அங்கே கிடந்தால்தான் அடுத்த வருசம் குஞ்சு என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னீர்கள்.

"மீனுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டப் போறாகளாம்ல!" என்று ஆம்பளைகள் சிரித்தார்கள்.

"கட்டத்தான் போறேன். நீங்க வாசல்ல காவலுக்கு நில்லுங்க" என்றீர்கள். ஊரும் ஒப்புக்கொண்டது.

அந்த வருசமே வந்தது சோதனை. போடிமெட்டிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துச் சனம் மீன்பிடிக்கு ஜீப்பு ஜீப்பாக வந்து இறங்கியிருந்தது. அத்தனை பேர் பார்க்க மடுவில் வலை வீசியது யார்? உங்கள் புருசன், என் அண்ணன்! அவர் கோபம் தெரிந்த எனக்கு உயிரே போய்விட்டது. நீங்கள் சேலையை வரிந்து கட்டி இறங்கி, அரிவாளால் வலையை அறுத்துவிட்டீர்கள். அண்ணன் கையை ஓங்கினார்.

"அடிக்கிறதுன்னா அடிங்க. எம் புருசன்னா மடுவுக்கு வேற சட்டமா?"

ஓங்கிய கை இறங்கியது. ஆனால் வெகுநாள் அவர் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுப்படியில் நீங்கள் அழுததை நான் பார்த்தேன். "வெங்காயம் உரிச்சேன், கொழுந்தனாரே" என்றீர்கள். கையில் வெங்காயமே இல்லை.

இந்த வருசம் மழை பொய்த்துவிட்டது. மடுவைத் தவிர எங்கும் மீன் இல்லை. இன்று துண்டு வீசியதும் இளவட்டங்கள் நேரே மடுவுக்குத்தான் போனார்கள். நான் தடுத்தேன்.

"சொன்ன ஆளே போயாச்சு. இன்னும் என்னண்ணே சட்டம்?" என்றான் ஒருவன். பாவி!

அப்போதுதான் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் போய், மடுவை மறித்து நின்றார்.

"அவ வலைய அறுத்த கோவம் எனக்கு இன்னும் போகலடா. ஆனாலும் மடுவுல எவன் வலை போடுறான்னு பாக்குறேன்!" என்றார்.

ஒருவனும் நகரவில்லை. தோளில் வலையோடு அப்படியே நின்றார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. கரையிலேயே நிற்கிற ஆள் என்று எத்தனை கேலி செய்திருப்பீர்கள்! இறங்கிப் போய் அண்ணன் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் இளவட்டங்கள் முணுமுணுத்துக்கொண்டே கரையேறினார்கள்.

மடுவில் வலை விழவில்லை, மதினி. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தும் கால் நடுக்கம் நிற்கவில்லை. அன்று உங்களுக்கும் நடுங்கியதா? நான் கேட்கவேயில்லையே.