எஃபுவாவுக்கு ஒரு வெள்ளைச் சீலை

டார்னெய்ட், மெல்பேர்ன்

என் அன்பு மகள் தர்ஷனாவுக்கு,

அம்மா எழுதுவது. பிள்ளையார் துணையில் நாங்கள் மூன்று பேரும் இங்கே சுகம், நீயும் கானாவில், அந்த அக்ராவில், வேளைக்குச் சாப்பிட்டு நுளம்புக்கடி படாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். உன்ர கேள்விக்கு மறுமொழி பிந்திப்போச்சு, கோவிக்காதை. தேர்தல் முடியுமட்டும் இன்னும் ஒரு வருஷம் அந்த எம்.பி.யின்ர கந்தோரில் நிக்கட்டோ என்று நீ கேட்கிற ஒவ்வொரு முறையும் நான் சமையலைக் கதைத்துப் போனை வைத்துவிட்டேன். போனில் சொல்ல வெளிக்கிட்டால் அழுதுபோடுவேன், அதுதான் எழுதுகிறேன். அவ எதிர்க்கட்சி, அந்தச் சொல்லைக் கேட்டாலே கதவைப் பூட்டுகிற ஆள் நான், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காலம் அப்படி. அப்பாவோ, 'அது வேற நாடு, நீர் சும்மா இரும்' என்கிறார். தம்பி கஜீவன் 'ரிலாக்ஸ் அம்மா' என்பதோடு சரி.

அதுக்குள் போன கிழமை நீ ஒரு படம் அனுப்பினாய். உன்ர எம்.பி. மேடம் எஃபுவா தலையிலிருந்து கால்வரை வெள்ளை, பக்கத்தில் நீயும் வெள்ளை, கீழே ஒரு சொல்லும் இல்லை. ஆரோ செத்துப்போச்சினம், கட்சிக்காரரில் ஆரையோ சுட்டுப்போட்டாங்கள் என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். நீயும் போனை எடுக்கவில்லை. அடுப்பை நிப்பாட்டிப்போட்டு, எங்கட தெருவில் இருக்கிற கானாக்காரி, அந்த நேர்ஸ் கிரேஸ் வீட்டுக்குச் செருப்பும் போடாமல் ஓடினேன். மனிசி படத்தைப் பார்த்துப்போட்டுக் கதிரையில் விழுந்து சிரித்த சிரிப்பு! பிறகு என்னைப் பிடித்து இருத்தி, சுஜீவா, எங்கட செத்தவீட்டுக்குக் கறுப்பும் சிவப்பும்தான், வெள்ளை வென்றவைக்கும் பிள்ளை பெத்தவைக்கும் என்றா. மேடத்தின்ர ஊர்க் கடலரிப்புக்கு அணை கட்ட அரசாங்கம் ஒருமாதிரி ஓம் எண்டிட்டுதாம், அந்தச் சந்தோஷத்துக்குத்தான் வெள்ளையாம்.

பிறகுதான் தெரிந்தது, கிரேஸும் அந்த மேடத்தின்ர ஊர்தான். மேடம், தாய் மீனைப் புகைபோட்டு விற்று வளர்த்த பிள்ளையாம். கணக்கு ரீச்சராக இருந்தவ, கடல் வந்து வகுப்பறையின் பின்சுவரை எடுத்த பிறகு தேர்தலில் நின்றிருக்கிறா. இரண்டு தரம் தோல்வி. தோற்ற அடுத்த நாளும் நேரத்துக்கு வகுப்புக்கு வந்து பெயர் கூப்பிட்டவவாம். மூன்றாம் தரம் வென்று, சபையில் எழும்புகிற போதெல்லாம் அணை எப்ப என்ற ஒரே கேள்விதான். ரீச்சர், மணி அடிச்சிட்டுது, கதிரையில் இருங்கோ என்று ஆளுங்கட்சிக்காரர் பகிடி பண்ணினால், வீட்டுப்பாடம் செய்யாத வகுப்புக்கு மணி அடிக்காது என்று நிற்பாவாம். அவவிட்டப் படிச்ச கிரேஸின்ர தம்பி இண்டைக்கும் அவவைக் கண்டால் சேர்ட்டை உள்ளே விடுவானாம்!

பயமில்லையோ என்று கேட்டேன். கிரேஸ் மறைக்கவில்லை. போன தேர்தலில் கல்லெறி நடந்ததாம், ஆனால் தன்னோடு வேலை செய்த பிள்ளைகள் எல்லாரையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிப்போட்டுத்தான் மேடம் வெளிக்கிட்டவவாம். அதைக் கேட்ட பிறகுதான் பிள்ளை, எனக்கு மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிரேஸையும் ஏற்றிக்கொண்டு த பேசின் பிள்ளையார் கோயிலுக்குப் போய் உனக்கும் மேடத்துக்கும் அர்ச்சனை செய்தோம். ஐயர் அவவின்ர நட்சத்திரம் கேட்க நான் முழிக்க, எஃபுவா என்றாலே வெள்ளிக்கிழமை பிறந்தவ என்றா கிரேஸ். வெள்ளிக்கிழமையோ, அது காணும் என்று ஐயரும் சிரித்துக்கொண்டே பூப்போட்டார்.

ஆனபடியால் நில், பிள்ளை. தேர்தல் முடியுமட்டும் நில். கூட்டங்களுக்குத் தனியப் போகாதை, மலேரியாக் குளிசையை மறக்காதை, படம் அனுப்பினால் கீழே ஒரு வரியாவது எழுது, நான் செருப்பில்லாமல் ஓட ஏலாது. கிரேஸ் வாற கிழமை தன்ர ஊருக்கு வாறா, அவவின்ர பெட்டிக்குள் மிளகாய்த்தூளும் இரண்டு வெள்ளைச் சீலையும் வைத்திருக்கிறேன், ஒன்று உனக்கு, மற்றது மேடத்துக்கு. சீலைக்கடை விமலாதேவி அன்ரி, வெறும் வெள்ளையோ, ஆருக்கு என்று என்னை ஒருமாதிரிப் பார்த்தா. வெல்லப்போற ஆக்களுக்கு என்று சொன்னேன். வென்றால் இரண்டு பேரும் உடுத்திப் படம் அனுப்புங்கோ. தோற்றால் சீலையை மடித்து வைத்துப்போட்டு, அடுத்த நாள் நேரத்துக்கு வேலைக்குப் போ.

நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும் என்ற ஆசியோடும் முத்தத்தோடும்,

உன்ர அம்மா
சுஜீவா