படிப்பகத்தில் உன் மலாய்

இன்று மாலை படிப்பகத்து அலமாரியைத் திறந்ததும் பாண்டான் இலை வாசனை. புத்தகங்களுக்குக் கரப்பான் வராதிருக்க, தோழி, நீ தொடங்கிவைத்த வழக்கம். இப்போதும் யாரோ புது இலை கொண்டுவந்து வைக்கிறார்கள்.

உனக்குத் தமிழ் படிக்க வராது. உங்கள் கிராமமான செட்டிக் கம்பத்தில் கும்பிடும் சாமிகள் எங்களுடையவை. வீட்டுப் பேச்சு மலாய். ஆனாலும் காஜா பேராங் தெருவின் இந்தத் தமிழ்ப் படிப்பகத்துக்கு எனக்காக வந்தாய். ஆண்கள் நிறைந்த அறைக்குள் தனியாக நுழைய எனக்குக் கூச்சம். நான் படிப்பேன், நீ பத்திரிகையில் படம் பார்ப்பாய்.

மலாய் நாட்டின் சுதந்திரக் கொண்டாட்டம் அடங்கிய பிறகு குடியுரிமைப் பேச்சு வந்தது. அதிகாரி மலாயில் கேட்பார், மலாயில் பதில் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த என் அம்மாவுக்கு மீன் வாங்கும் மலாய்தான் தெரியும்.

"பதில் சொல்லலன்னா ஊருக்குக் கப்பல் ஏத்திருவாங்களாடி?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

நீ பத்திரிகை மேசையை இழுத்துப் போட்டு அதிகாரியாக உட்கார்ந்தாய். அம்மாவோடு அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்தார்கள். ஆண்கள் பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்கள்.

"துரை வந்தாச்சு, எந்திரிங்கடா!" என்று ஒருவர் கிண்டலடித்தார்.

"மாமா, டியாம்! அம்மா படிக்குது," என்று மலாய் கலந்த உன் தமிழில் அவர் வாயை அடைத்தாய்.

பெயர், வீடு, பிள்ளைகள் என்று மலாயில் கேட்பாய். அதற்கும் முன்னால், யார் வந்து உட்கார்ந்தாலும், "சூடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா என்று முதலில் கேட்பது உங்கள் வீட்டு வழக்கம். அம்மா அதையும் பாடத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டாள்.

நேர்முகத்தன்று துணைக்குப் போனேன். அதிகாரி நிமிர்ந்ததுதான் தாமதம், "சூடா மாக்கான், துவான்?" என்று அந்தத் துரையை விசாரித்தாள் அம்மா. நான் தரையைப் பார்த்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பெலும், மாச்சிக்," என்று சிரித்தார். இன்னும் இல்லை, அத்தை என்கிறார். அதன்பின் அவர் கேட்டதற்கெல்லாம் அம்மா தடுமாறாமல் பதில் சொன்னாள். குடியுரிமை கிடைத்தது.

உன்னிடம் சொன்னபோது தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அம்மா, அது நான் கேக்குறது!"

"இருக்கட்டும்டி. பாவம், அவரு சாப்பிடலையாமே."

நான் சிங்கப்பூரில் பட்டப்படிப்பில் இருந்தபோது காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கடைசியாக உன் முகம் பார்க்கவில்லை. பட்டம் வாங்கித் திரும்பி, மாலைகளில் படிப்பகத்தைத் திறந்துவைக்கிறேன். கூச்சம் மட்டும் போகவில்லை.

இன்று ஒரு பெண் வாசலில் செருப்பைக் கையில் பிடித்தபடி உள்ளே வரத் தயங்கி நின்றாள்.  என் வாயில் உன் கேள்விதான் வந்தது.

"சூடா மாக்கான், அக்கா?"

"ஆச்சும்மா," என்று சிரித்துச் செருப்பைக் கீழே விட்டாள். உள்ளே வந்தாள்.