நான்கு துளைத் தாலாட்டு

மார்ச் 3. இன்று எனக்கு எழுபத்தாறு வயது, இரண்டு மாதம், ஐந்து நாள்.

அன்புள்ள மருமகளுக்கு,

வயதை மேலே குறித்ததற்குக் காரணம் உண்டு. இந்த வயதில் ஒருத்தியை ஊதல் வாசிக்க வைத்த குற்றத்தின் அளவு உனக்குத் தெரிய வேண்டும். நிமோனியாவுக்குப் பிறகு மூச்சு பலப்படப் பலூன் ஊதுங்கள் என்றார் மருத்துவர். நீ பலூனுக்குப் பதிலாக இந்த ஒகரீனாவை அனுப்பினாய்: உள்ளங்கையில் அடங்குகிற, ஒவ்வொன்றும் ஒரு அளவான நான்கு துளையுள்ள சுட்டமண் ஊதல். பலூனுக்கு இது மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். நன்றி. ஒரு முறைதான் சொல்வேன்.

முதல் வாரம் ஓங்கி ஊதினேன், கீச்சிட்டது. இதற்கு வேண்டியது பலமல்ல, சூடான தேநீரை ஆற்றும் அளவு மூச்சு என்று பிறகுதான் விளங்கியது. ஓய்வுபெறும்வரை இயற்பியல் நடத்தியவளுக்கு இன்னொன்றும் பிடித்தது. புல்லாங்குழலில் துளை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். இதிலோ எவ்வளவு திறந்திருக்கிறது என்பது மட்டுமே முக்கியம்.

ஆனால் நீ வட்டம் வட்டமாக வரைந்து அனுப்பிய நாட்டுப்புறத் தாலாட்டைக் கேட்டால் எந்தக் குழந்தையும் தூங்காது. எழுந்து வழக்குப் போடும். கறுப்பு வட்டம் என்றால் மூடுகிறேன், வெள்ளை என்றால் திறக்கிறேன். ஒரு பிசகும் இல்லை. மேல்மாடிப் பல் மருத்துவர் படியில் நிறுத்தி, "ஏம்மா, பூனைக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். "பூனை இல்ல சார், நான்தான். பூனைன்னா இதைவிட நல்லா வாசிக்கும்" என்றேன்.

"ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அடுத்த கடிதத்தில்" என்று மூன்று கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறாய். என் மகன் இறந்துபோன இந்த ஐந்து வருடத்தில் நீ என்னிடம் எதையும் இப்படி இழுத்ததில்லை. உடம்புக்கு ஏதாவதா? தொலைபேசியில் கேட்டால் "நல்லாயிருக்கேன் அத்தை" என்பாய். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
அத்தை


மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பேருந்தில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

தவறு என்னுடையது. பிசியோதெரபியில் நாளெல்லாம் நோயாளிக்கு எதிரே நின்று, அவர் இடக்கையைத் தூக்க நான் வலக்கையைத் தூக்கிக் காட்டியே பழகியவள். உங்களுக்கும் எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு இடவலம் மாற்றி வரைந்துவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் ராகம் வராதபோது விரலை மாற்றிப் பார்த்திருப்பார்கள். படம் சொன்னதை மீறாத ஒரே ஆள் நீங்கள்தான்! தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். வட்டங்கள் சரியாகத் தெரியும். வரியை மட்டும் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்த விஷயத்தைக் கீழே எழுதினேன், அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வணக்கத்துடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 19

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்றுக் காலை தாலாட்டு வந்தது. நான் வாசித்தேன் என்று சொல்வது மிகை, அதுவாக வந்தது. சின்ன மெட்டுத்தான், ஒரே மூச்சில் பாதி முடிந்துவிடுகிறது. ஆனாலும் முடித்த கையோடு இன்னொரு முறை ஊதினேன். "பூனை பொழச்சிடுச்சு போல!" என்று மேலிருந்து குரல் வந்தது. ஜன்னலைச் சாத்தினேன். எனக்கும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

இப்போது மூச்சு இளைக்காமல் மாடி ஏறுகிறேன். மருத்துவமனையில் அத்தனை இரவும் நாற்காலியில் தூங்கியவள் நீ. நான் பெற்ற பெண் ஒருத்தி இருந்திருந்தால் ஆள் மாற்ற வழி தேடியிருப்பாள். ஒரு முறைதான் நன்றி சொல்வேன் என்றேன், இது இரண்டாவது. மூன்றாவதை எதிர்பார்க்காதே.

அடித்த வரிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்திருக்கலாம், வழி காட்டியவளே நீதான். படிக்கவில்லை. நீயே சொல்.

அத்தை


மார்ச் 27

அன்புள்ள அத்தைக்கு,

எங்கள் மருத்துவமனையில் செயற்கைக் கால் செய்பவர் ஒருவர் இருக்கிறார். ஜனவரியில் ஒரு நாள், என்னைத் திருமணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். "அவசரமில்லைங்க, யோசிச்சுச் சொல்லுங்க. ஆனா எனக்குப் பொறுமை ஜாஸ்தின்னு மட்டும் நெனச்சுடாதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு.

எனக்கும் சம்மதம்தான். சொல்ல விடாமல் தடுப்பது உங்கள் மகனின் நினைவு அல்ல. அவர் இருந்தால் என்னைக் கேலி செய்தே ஒப்புக்கொள்ள வைத்திருப்பார். தடுப்பது நீங்கள். நான் சரி என்று சொன்ன மறுநாள் உங்களுக்கு நான் யார்? அத்தை என்று எழுத எனக்கு என்ன உரிமை இருக்கும்? அது போய்விடும் என்றால் அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். உங்கள் பதில் வரும்வரை அவருக்குப் பதில் இல்லை.

இப்போதைக்கு,
உங்கள் மருமகள்


ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

இன்றைய தபாலிலேயே இது போக வேண்டும். அவரிடம் சரி என்று சொல். பிறர் நடப்பதற்காக வேலை செய்கிற மனிதர். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, தேடிப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தப் பழியை என் தலையில் கட்டாதே. அதைச் சுமக்கும் வயது எனக்கு இல்லை.

உரிமையைப் பற்றிக் கேட்டாய். என் மகனிடம்கூடச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். உன் மாமனார் என் இரண்டாவது கணவர். முதல் கணவர், நான் முதுகலை முடித்த ஆண்டு, மணமாகி ஒரு வருடத்துக்குள் காய்ச்சலில் இறந்தார். உன் மாமனாருக்கு எல்லாம் தெரியும். அவருடைய உறவினர் வாய்க்குப் பயந்து இருவரும் சேர்ந்தே மறைத்தோம். பிறகு பயம் போயிற்று, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

முதல் கணவரின் அம்மா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். மறுமணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அவரிடம் சொல்லப் போனபோது, தபால்தலை வாங்க வந்தவள் போல வரிசையில் நின்றேன். அவர் முத்திரை குத்துவதை நிறுத்தாமலே, "போடி, போய் நல்லா இரு. ஆனா ஞாயித்துக்கிழமைன்னா இங்க வந்துடணும், சொல்லிட்டேன்" என்றார். போனோம், உன் மாமனாரும் நானும். எங்கள் மகன் நடக்கத் தொடங்குமுன் அந்த அம்மா காலமாகிவிட்டார். கடைசிவரை அவரை நான் அத்தை என்றுதான் அழைத்தேன். வேறு எப்படி அழைப்பது என்று இருவருக்கும் தோன்றவில்லை.

பிரசவ அறை வாசலில் நின்று, உன் கணவனை முதன்முதலில் கையில் வாங்கியவர் அந்த அத்தைதான்.

என்றும்,
அத்தை