கண்ணுக்கு விட்ட லூஸ்

தோ பாயோ, சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் பெதானிக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து அந்த ஒரு வரி வரவில்லை. புதுக் கண்ணாடியில் ரோட்டுக் கோடு ரெண்டா தெரியுது, பரவாயில்லம்மா, ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுறேன் என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். பெர்த்திலிருந்து உன் கிளினிக் வரை நீண்ட ரோடு. எதிரே லாரிகள். ஒரு கண்ணை மூடிய என் மகள். காலையில் பூசையிலும் இதுதான் ஓடியது. ஜெபம் வரவில்லை. கழற்றிவிடு என்று நேற்றே சொன்னேன், சரிம்மா என்றாய். உன் சரிம்மாவை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

டாக்டர் எழுதிய பவர் சரி என்றால் தப்பு எங்கே என்று அப்பாவிடம் கேட்டேன். இணையத்தில் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்க இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம் வேண்டும் என்று, ஈஸ்டருக்கு வந்தபோது நீ அவரைத்தானே அளக்கச் சொன்னாய். எப்பவும் எடுக்கிற மாதிரிதான் எடுத்தேன் என்றார். அப்புறம் மெதுவாக, கொஞ்சம் லூஸ் விட்டேன், பிள்ளைக்கு இறுக்கக் கூடாதில்ல என்றார். தேக்கா தையல் கடையில் ரவிக்கைக்கு விடுவதுபோல உன் கண்ணுக்கும் அரை சென்டிமீட்டர் விட்டிருக்கிறார். அது பிரேமின் அகலம் இல்லை, கண்ணாடியின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேரே நிற்பதற்கான அளவு என்று இன்று பூசை முடிந்து நாங்கள் போன சிராங்கூன் ரோடு கண்ணாடிக் கடையில் முஸ்கான் என்ற பெண் விளக்கினாள். ஏன் அங்கிள், கண்ணு பெருசானா தையல் பிரிச்சுக்கலாம்னு நெனச்சீங்களா லா என்று கேட்டாள். கடையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் எதிரே இருந்தவர்களின் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

அங்கே ஒரு கடைக்கு நேரில் போ. கருவி வைத்து அளப்பார்களாம். ஸ்கேலால் அளந்தால் தூரத்தில் எதையாவது பார். அளப்பவரின் மூக்கைப் பார்த்தால் கண்கள் உள்ளே திரும்பி அளவு குறைந்துவிடுமாம். இரண்டு முறை அளக்கச் சொல், வெட்கப்படாதே. அலமாரியில் கிடந்த உன் பழைய கண்ணாடியை இதோடு அனுப்புகிறேன். பவர் கொஞ்சம் குறைவு. வீட்டுக்கும் வேலைக்கும் போதும், ரோட்டுக்கு வேண்டாம். சரியான கண்ணாடி வரும்வரை உன்னோடு வேலை செய்யும் டானியலாவின் காரில் போ. உன் கார் சாவியையும் அவளிடமே கொடுத்து வை. கையில் இருந்தால் எடுப்பாய்.

ஆண்டவர் உன் இரண்டு கண்களையும் வழியையும் காக்கட்டும். சாவியைக் கொடுத்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல். கண்ணாடியைச் சுற்றியுள்ள துணிப்பை அப்பா தைத்தது. இன்று வேறு தையல் எதையும் அவர் தொடவில்லை. துணியை வெட்டுமுன் என்னிடம் வந்து நின்றார். இதுக்கு லூஸ் விடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்.

உன் அம்மா,
பிலோமினம்மாள்