வால் தொலைந்த வாக்கியம்

பிப்ரவரி 6

என் அருமை வாலுவுக்கு,

நலம். நீ அனுப்பிய வாக்கியங்களில் எந்தச் சொல் எதோடு சேரும் என்று பச்சை மையில் அம்பு போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சகத்தில் நாளெல்லாம் பிழை திருத்துவது போதாதென்று, வீட்டுக்கு வந்து உன் கம்ப்யூட்டருக்கும் தமிழ் ட்யூஷன் எடுக்கிறேன். சொல்லின் வரிசை மாறினால் அந்த மக்குக்கு ஏன் இப்படித் தலை சுற்றுகிறது? வரிசையைப் பார்க்காதே, சொல்லின் வாலைப் பார், கடைசியில் ‘ஐ’, ‘கு’ என்று ஒட்டியிருக்குமே அதைப் பார் என்று சொல்லிக் கொடு.

நம் பேச்சில் வினை கடைசியில் வருவது உனக்கு நல்ல வசதி. ‘இந்த மாதம் உன்னை நேரில் வந்து பார்க்க’ என்று எழுதியிருந்தாய். ஆசையாகப் பக்கத்தைத் திருப்பினேன். ‘முடியவில்லை’ என்று இருந்தது. ஏண்டா, அதை முதலிலேயே எழுதித் தொலைத்தால் என்ன?

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உன் ட்யூஷன் பலித்துவிட்டது. ‘அக்கா தம்பியை அடித்தாள்’, ‘தம்பியை அக்கா அடித்தாள்’, ‘அடித்தாள் தம்பியை அக்கா’ என்று எப்படிக் கலைத்துப் போட்டாலும், அடி வாங்கியது நான்தான் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடுகிறது. ‘தம்பியை’யில் அந்த ‘ஐ’ ஒட்டிக்கொண்டிருக்கும்வரை சொல் எங்கே கிடந்தாலும் கவலையில்லை.

மே மாதம் இதை ஆபீஸ் பெரியவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். முடிந்ததும் வருகிறேன். பார், வினையை ஒழுங்காகப் போட்டிருக்கிறேன்.

உன் வாலு


ஏப்ரல் 11

வாலுவுக்கு,

விழுந்தேன் குளியலறையில் நான். வரவில்லை வலது கை. எழுதுகிறது இதை இடது கை. சொற்களைத் தேடுகிறது நாக்கு. ஊட்டுகிறார் எனக்குச் சாப்பாட்டை மாடி வீட்டு டெய்லரம்மா. பயம் இருக்கிறது எனக்கு. வா ஒருமுறை.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

பக்கவாதம் என்று டெய்லரம்மா போனில் எல்லாம் சொன்னார். உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அழுதுவிட்டேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. உன் கடிதத்தைக் கம்ப்யூட்டரில் போட்டேன். ஒரு வரி விடாமல் புரிந்துகொண்டது. வரிசைதான் கலைந்திருக்கிறது அக்கா, வாலெல்லாம் பத்திரமாக இருக்கிறது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா.

ஓட்டிக் காட்டும் நாளை ஜூன் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். மறுநாளே கிளம்பிவிடுவேன். இப்போது முடியவில்லை.

உன் வாலு


மே 19

அக்கா வாலு மறந்தாச்சு


மே 30

அக்கா,

மூன்றே சொல். ஒன்றிலும் வால் இல்லை. கம்ப்யூட்டர் இரண்டு பொருள் சொல்கிறது. ‘அக்காவை வாலு மறந்தாச்சு’ என்று ஒன்று. ‘வாலுவை அக்கா மறந்தாச்சு’ என்று இன்னொன்று. எது சரி என்று அதற்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

முதலாவது என்றால் நன்றாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இரண்டாவதை என்னால் தாங்க முடியாது. எது என்று மட்டும் எழுது அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு


ஜூன் 8

சொல் வாலு போச்சு. ஐ போச்சு. கு போச்சு.

தம்பி இருக்கு.

தம்பி அக்கா பார்க்க


ஜூன் 21

அக்கா,

உன் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த மூன்று சொல்லில் ‘வாலு’ நான் இல்லை, நீ மறந்தது சொல்லின் வாலை. பிறந்ததிலிருந்து என்னை வாலு என்று கூப்பிட்டவள் எழுதிய வரி. அப்படியும் எனக்கு அது தோன்றாமல் போயிற்றே. கம்ப்யூட்டரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே போட்டது போட்டபடி கிளம்பினேன். வந்து இறங்கியபோது வாசலில் டெய்லரம்மா நின்றிருந்தார். “காலையிலதான்பா எடுத்தாங்க. உனக்காக முடிஞ்ச மட்டும் வெச்சிருந்தோம்” என்றார்.

‘தம்பி அக்கா பார்க்க’. இதில் யாருக்கு வால் போட்டாலும் சரிதான் அக்கா. அக்காவைத் தம்பி பார்க்க, தம்பியை அக்கா பார்க்க. கடைசி வினையை மட்டும் எனக்காக விட்டு வைத்திருந்தாய். ‘வந்தான்’ என்று எழுதத்தான் அவ்வளவு தூரம் வந்தேன்.

உன் பச்சைப் பேனா இங்கேதான் கிடந்தது. அதை எடுத்து, உன் வரிக்குக் கடைசியில் ‘முடியவில்லை’ என்று எழுதினேன்.

உன் வாலு