கொக்கு நின்ற ஓரம்

பிரியமுள்ள ஹமீது,

போர்ட் பிளேரில் மழை இன்னும் விடவில்லை. உன் ஸ்டுடியோ வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். நீ கண்மூடிய பிறகும் சபுரா கடையை மூடவில்லை. பாஸ்போர்ட் படங்களை அவளே எடுக்கிறாள். மோவாயைத் தூக்கு, கண்ணைச் சிமிட்டாதே என்று அதட்டுவதில் உன்னை மிஞ்சிவிட்டாள். இதையெல்லாம் கேட்டால் நீ சிரிப்பாய். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

மெட்ராஸ் பதிப்பகம் ஒன்று உன் படங்களைப் புத்தகமாகப் போடுகிறது. பெரிய வானம், பெரிய காடு, அதில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைக் கொக்கு, அந்தப் படங்கள்தாம். பத்திரிகையில் அவை வந்தபோதெல்லாம் கீழே இடமும் நேரமும் எழுதியவன் நான். புத்தகத்திலும் என் பெயரோடு அந்த வரிகளே வரட்டும் என்றார்கள்.

காடு திருத்திக் குடியேறியவர்களைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதினேன். இந்தத் தீவு எவ்வளவு பெரியது, வந்திறங்கியவன் எவ்வளவு சிறியவன் என்பதை உன் கொக்கு ஒரே பார்வையில் சொல்லிவிடும். ஏன் ஆளை நிறுத்தி எடுப்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "ஆளை வச்சா ஆளைத்தான் பாப்பான் மச்சான். கொக்கை வச்சாத்தான் காட்டைப் பாப்பான்" என்றாய். உன்னைக் கட்டிய சபுரா என்னை அண்ணன் என்று அழைத்ததால் நான் உனக்கு மச்சான். அந்த உறவை நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

சபுரா நெகட்டிவ் பெட்டியை எடுத்து வைத்தாள். ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. பின்பக்கத்தை ஈரப் பஞ்சால் மெல்லத் துடைக்கச் சொன்னாள். முதலில் வண்டூர் படம். துடைத்தேன். பஞ்சு சிவப்பானது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அலையாத்திக் காடு இருந்தது, கொக்கு இல்லை.

இன்னொன்றைத் துடைத்தேன். அதிலும் கொக்கு பஞ்சோடு வந்துவிட்டது.

நான் விழிப்பதைப் பார்த்துச் சபுராதான் விளக்கினாள். நெகட்டிவில் மை விழுந்த இடத்தில் வெளிச்சம் புகாது. காகிதத்தில் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். நுனி மெலிந்த பிரஷ், சிவப்பு மை, ஒரு இழுப்பு, கொக்கு பறக்கும். "கல்யாணப் பொண்ணு போட்டோவுல அம்மைத் தழும்பை எடுத்த கைதானேண்ணே. வானத்துல ஒரு குறை தெரிஞ்சிருக்கும், வச்சிருப்பாரு" என்றாள். நான் அடுத்த நெகட்டிவையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அவள் முகம் மாறியது. "உங்களுக்குத் தெரியாதாண்ணே? நீங்கதானே கீழ எழுதுனீங்க?"

வீட்டில் இருந்தவளுக்குத் தெரியும். உன்னோடு டோங்கிப் படகில் முதுகு நோக உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரியாது.

எத்தனை முறை கூட வந்தேன்? ஒருமுறையாவது கொக்கைக் காட்டினாயா? எனக்கு இருமல் வரும். நீ திரும்பி முறைப்பாய். "சுப், சத்தம் போடாத மச்சான். உன் இருமலுக்கு நிக்கோபார்ல இருக்கிற கொக்குகூட எழுந்து போயிரும்" என்பாய். என்னைக் கரையில் இறக்கிவிட்டு மறுபடி போவாய். சாயங்காலம் வந்து, "நீ போனதுமே கொக்கு வந்துச்சு" என்பாய். நம்பினேன். கடைசியில் என்னால்தான் கெடுகிறது என்று கூட வருவதையே நிறுத்திக்கொண்டேன். செய்தி கேட்டால் இரண்டு பேரிடம் விசாரித்து எழுதுகிறவன் நான். உன்னிடம் மட்டும் விசாரித்ததில்லை.

மாயாபந்தர் படம் கடைசியில் வந்தது. மேகத்தின் நடுவே நின்ற கொக்கு துடைத்ததும் போயிற்று. ஆனால் இடது ஓரத்தில், அலையாத்தி வேரின் மேல், இன்னொன்று. துடைத்தேன், போகவில்லை. அழுத்தித் துடைக்கப் போனபோது சபுரா கையைப் பிடித்துக்கொண்டாள். "அது மை இல்லண்ணே. அசல் சிடியா, உசிருள்ள பறவை."

அதற்குப் பக்கத்திலேயே டோங்கியின் மூக்கும், பிடி உடைந்த என் குடையும். அன்றைக்கு நான் இருந்திருக்கிறேன். இருமியும் இருப்பேன். அது அசையாமல் நின்றிருக்கிறது. நீ பிரிண்ட் போடும்போது அந்த ஓரத்தை வெட்டிவிட்டாய், என்னையும் அதையும் சேர்த்து. நடுவில் உன் கொக்கை வைத்தாய். அசல் கண்ணில் படவில்லையா? பட்டும், உன் கொக்குதான் அழகு என்று தோன்றிவிட்டதா? இதைக் கேட்க நீ இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உன் பெயர் கெட்டுவிடுமே என்று சபுரா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு வந்து சொன்னாள்: "எழுதுங்கண்ணே. பொய்யின்னு எழுதுங்க. நல்லா வச்சிருந்தாருன்னும் எழுதுங்க." இரண்டையும் இதோ எழுதிவிட்டேன். நல்லாத்தான் வைத்திருந்தாய், பாவி.

பதிப்பகத்துக்கும் தெரிவித்துவிட்டேன். துடைத்த நெகட்டிவ்களை அப்படியே அச்சிடுவார்கள், வெறும் காடாக, வெறும் வானமாக. மாயாபந்தர் படம் மட்டும் ஓரம் வெட்டாமல் முழுசாக வரும். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுதுவேன்: படம் எடுத்தவர் ஹமீது, குடை என்னுடையது, கொக்கு தானாக வந்தது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மழை விட்டதும் மாயாபந்தர் போகிறேன். இருமல் வந்தால் அடக்க மாட்டேன்.

கோபம் தீராத,
சபுராவின் அண்ணன்; அதனால் இன்னும் உன் மச்சான்,
அந்தோணி