திமிங்கலம் சாப்பிடுகிற இடத்தில் அப்பாவுக்கு டூட்டி

கப்பலே ஏறாத கப்பல்காரனுக்கு, என் பாண்டி அண்ணனுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கப் போவதில்லை. செத்தவனிடம் அதைக் கேட்பது மடத்தனம். இங்கே அரபு நாட்டில், நம் முவைலாவில், மடத்தனத்துக்குப் பஞ்சமும் இல்லை. உன் போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டு, பக்கத்தில் அழுகிற பொம்மை வைத்தவர்களில் பாதிப் பேர் நீ இருந்தபோது உன்னோடு ஒரு டீ குடித்ததில்லை.

இங்கத்துத் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஃப்ளெக்ஸில் உன் தலைக்குப் பின்னால் ஒரு கப்பல். கப்பலுக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு சுறா. திமிங்கலம் என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து உன் மச்சான் கணேசன் என்ன அனுப்பினானோ அதை அப்படியே அச்சடித்துவிட்டார்கள். உன்னைப் பார்த்தே இராத ஒருவர் மைக்கைப் பிடித்து, 'கடலோடி பாண்டி' என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். மற்றவர்கள் பிரியாணி வரும்வரை சோகமாக இருந்தார்கள்.

கடலோடியாம். சிவகங்கைக்காரன் நீ. ஊர்க் கண்மாயில் இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்தால் கத்துவேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நானும் நீயும் வேலை பார்த்தது மீன் வைக்கிற கோல்ட் ஸ்டோரில். வெளியே ரோடு உருகும், உள்ளே மூச்சு உறையும். பெட்டியை இறக்கு, அடுக்கு, ஏற்று. அவ்வளவுதான் நம் கடல்.

எல்லாம் உன் மீசையால் வந்தது. ஒரு நாள் பிரேக்கில், ஃப்ரீசர் கதவுக்கு உள்ளே நின்றபடியே உன் மகளுக்கு வீடியோ கால் போட்டாய். யாழினி அப்போது ஒன்றாம் வகுப்பு. உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, மீசையில என்னப்பா சீனி ஒட்டியிருக்கு?" என்றாள்.

நீ ஒரு நொடி யோசித்தாய். அந்த நொடியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"பனிடா தங்கம். அப்பா வடக்குக் கடல்ல இருக்கேன். திமிங்கலமெல்லாம் சாப்பிட வர்ற இடம்."

அவ்வளவுதான், கப்பல் கிளம்பிவிட்டது. அதற்கப்புறம் டூட்டி முடிந்து கட்டிலில் படுத்துக்கொண்டு திமிங்கல வீடியோவாகப் பார்த்தாய். அடுத்த காலில் அவளுக்கு அதைச் சொன்னாய். திமிங்கலமெல்லாம் கூட்டமாகச் சேர்ந்து, மீன் கூட்டத்துக்கு அடியில் போய், வட்டமாகச் சுற்றி மூச்சை விடுமாம். குமிழி மேலே எழும்பி வலை மாதிரி நிற்குமாம். மீன் பயந்து நடுவில் ஒடுங்கும். உடனே எல்லாத் திமிங்கலமும் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றாக மேலே வருமாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கான் பாயைக்கூட நீ விடவில்லை. கேமரா முன்னால் நிற்க வைத்து சல்யூட் அடிக்கச் சொன்னாய். அந்த பெஷாவர்க்கார மனுஷன், "யெஸ் கேப்டன் சாப்" என்று அடித்தும் தொலைத்தார்.

நான் அன்றைக்கே உன்னைக் கேட்டேன். "கோல்ட் ஸ்டோர்ல வேலைன்னு சொன்னா என்னண்ணே கொறஞ்சு போயிரும்?"

"பெட்டி தூக்குறேன்னு சொன்னா அவ பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லுவாடா."

"சொல்லட்டுமே."

"காலேஜைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்த பய நீ. ஒனக்கென்ன தெரியும்? ஒனக்கு ஒரு புள்ள பொறக்கட்டும், அப்பப் பேசு."

உன்னை மட்டும் சொல்லி என்ன. இந்த ஊரில் எல்லாருக்கும் இதே வியாதி. கேம்பில் பாத்திரம் கழுவுகிறவன் ஊரில் ஹோட்டல் மேனேஜர். ஆபீஸ் வாசலில் நிற்கிறவன் ஊரில் ஆபீஸர். எவனோ ஒருத்தன் காரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்வான். கார்க்காரன் வந்ததும் ஓடுவான். செய்கிற வேலையில் கேவலம் இல்லை. ஆனால் அதைக் கேவலம் என்று முதலில் முடிவு செய்கிறவன் அவனேதான். நீயும் அந்தக் கூட்டத்தில் போய் நின்றதுதான் எனக்கு ஆத்திரம்.

அதோடு விட்டாயா? இன்னொன்றும் சொல்லி வைத்தாய். திமிங்கலத்துக்குச் சாப்பாடுதான் குளிர்க் கடலில், குட்டி போடுவது வெதுவெதுப்பான கடலில். வடக்கே குளிர் ஏறியதும் கிளம்பிவிடும், சூடான கடலில் மாதக்கணக்கில் பெரிதாக எதுவும் தின்னாமல் குட்டியோடு கிடக்கும் என்றாய். "அதே மாதிரிதான் அப்பாவும். அங்க கடல் உறைய ஆரம்பிச்சதும் ஒங்கிட்ட வந்துருவேன்."

ஆகஸ்ட் மாதம் டூட்டி முடித்து வந்து, சாப்பிட்டு, படுத்து, எழுந்திருக்காமல் போய்விட்டாய். டாக்டர் இதயம் என்றார். பெட்டியில் உன்னை ஊருக்கு அனுப்பினோம். மீனுக்கு ஆயிரம் பெட்டி அடுக்கினவனைக் கடைசியில் பெட்டியில் வைத்து ஆணி அடித்தபோது கான் பாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரமே உன் ஃப்ரீசர் ஜாக்கெட்டைப் புதிதாக வந்த நேபாளிப் பையன் பகதூருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் கேட்டதற்கு சூப்பர்வைசர், "கம்பெனி ஜாக்கெட். கலாஸ்" என்றான். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவன் அகராதியில் உனக்கு இருந்த இடம் அந்த ஒரு சொல்தான்.

உன் வீட்டில் நடந்தது அதைவிடக் கேவலம். உன் மச்சான் புள்ளையை மதுரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எல்லாம் முடிந்தபிறகு கூட்டி வந்தான். அப்பா கப்பலில் இருக்கிறார், அங்கே டவர் கிடைக்காது என்று சொல்லிவிட்டான். அம்மா ஏன் பொட்டு வைக்கவில்லை என்று அவள் கேட்டதற்கு, நெற்றியில் அலர்ஜியாம். புள்ளை மனசு தாங்காது என்று வியாக்கியானம் வேறு. தாங்காதது யார் மனசு என்று எனக்குத் தெரியாதா?

மார்கழி வந்தது. யாழினி டிவியில் வடக்கே எங்கேயோ பனி கொட்டுவதைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பஸ் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாளாம். திமிங்கலம் கிளம்பியிருக்கும், அப்பாவும் கிளம்பியிருப்பார். நீ சொன்ன கணக்கு.

உன் மச்சான் எனக்குப் போன் போட்டான்.

"தம்பி, நீ அந்தக் குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு வீடியோவுல வா. இந்த வருஷம் மீன் ஜாஸ்தி, அப்பாவுக்கு லீவு இல்லைன்னு சொல்லு."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷத்தை அப்பப் பாத்துக்கலாம்பா."

"அவ கல்யாணத்துக்கும் மீன் ஜாஸ்தின்னு சொல்லிருவீங்களா?"

"பெரியவங்க சொன்னாக் கேக்கணும்டா."

வைத்துவிட்டேன். அவனோடு பேசினால் போனுக்குத்தான் அசிங்கம்.

மறுநாள் செல்வி அண்ணியே கூப்பிட்டார்கள். புள்ளை அன்றைக்கும் வாசலில் நிற்பதைச் சொன்னார்கள். அப்புறம், "நீயே சொல்லிரு தம்பி. எனக்கு வாய் வர மாட்டேங்குது. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்" என்றார்கள். உங்கள் மொத்தக் குடும்பத்திலும் நான் மதிக்கிற ஒரு வாக்கியம் அதுதான்.

லீவு நாள் மத்தியானம் கூப்பிட்டேன். யாழினி அண்ணி மடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பல் விழுந்திருக்கிறது. உன் நெற்றிதான் அவளுக்கு.

"சித்தப்பா, அப்பா கிளம்பிட்டாரா?"

"அப்பா வர மாட்டாருடா. அப்பா செத்துப் போயிட்டாரு. ஆகஸ்ட் மாசமே."

நான் இப்படித்தான் பேசுவேன், உனக்குத் தெரியும். சுற்றி வளைக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அண்ணியின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள். "கப்பல் முங்கிருச்சா?"

"கப்பலே இல்லடா. அப்பா இங்க என் கூட கோல்ட் ஸ்டோர்ல..."

"அது தெரியும்."

"என்ன தெரியும்?"

"அப்பா பேசும்போது பின்னாடி பீப் பீப்னு கேக்கும். எங்க தெருவுல லாரி பின்னால வரும்போது அப்படித்தான் கேக்கும். கடல்ல எதுக்கு லாரி ரிவர்ஸ் எடுக்குது?"

கான் பாயின் ஃபோர்க்லிஃப்ட், அண்ணே. மீசையில் பனியைக் காட்டினாய், கேப்டன் வேஷம் போட்டாய், அந்தச் சத்தத்தை மறந்துவிட்டாய்.

"அப்பாகிட்ட ஏண்டா கேக்கல?"

"கேட்டா அப்பாவுக்கு வெக்கமா இருக்கும்ல."

இரண்டு வருஷமாக யார் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தது?

அப்புறம் அவள் குரல் மாறிவிட்டது. "குளிர் வந்ததும் வர்றேன்னாரே. அதுவும் சும்மாவா சித்தப்பா?"

"இல்லடா. அது நெசம். இந்த மாசத்துக்கு லீவு போட்டிருந்தாரு. ஒனக்கு ஷூ வாங்கி, பெட்டியில வெச்சிருந்தாரு."

அப்போதுதான் அழுதாள். அண்ணியும் அழுதார்கள். உன் வீட்டில் எல்லாரும் ஒன்றாக அழுதது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அடுத்த லீவு நாளில் அவளே கூப்பிட்டாள். அப்பா வேலை பார்த்த இடத்தைக் காட்டு என்றாள். மறுநாள் பிரேக்கில் போனை உள்ளே கொண்டு போனேன். நீ அடுக்கிய வரிசையைக் காட்டினேன். வடக்குக் கடலிலிருந்து வந்த மீன் பெட்டி ஒன்று திறந்திருந்தது. திமிங்கலம் இதைத்தான் தின்னும் என்றேன். ஒரு மீனைக் கையில் எடுக்கச் சொல்லி, திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னாள். கான் பாய் சல்யூட் அடிக்கவில்லை. வண்டியில் ஏறி ரிவர்ஸ் எடுத்தார். பீப் பீப். "இதான் சித்தப்பா, இதான்" என்றாள். உன் குரலையே கேட்ட மாதிரி.

பகதூரிடம் பேசிவிட்டேன். உன் ஜாக்கெட்டை எனக்குத் தந்துவிட்டு என்னுடையதை அவன் மாட்டிக்கொள்வான். சூப்பர்வைசருக்கு எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், ஆளைப் பார்க்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. சித்திரையில் லீவில் வரும்போது அதை யாழினிக்குக் காட்டக் கொண்டு வருகிறேன். சிவகங்கை வெயிலில் ஃப்ரீசர் ஜாக்கெட் எதற்கு என்று உன் மச்சான் கேட்பான். கேட்கட்டும்.

ஒன்று மட்டும் சத்தியம் பண்ணுகிறேன். உன்னைப் பற்றி அவள் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன். கண்மாயில் கத்தியதையும் சொல்வேன், பெட்டி தூக்கியதையும் சொல்வேன். திமிங்கலம் பற்றி நீ சொன்னதையெல்லாம் நானும் தேடிப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. அதையாவது ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய்.

உன் மகளுக்குச் சித்தப்பன்,
தினேஷ்